முதல் ஊசி: வார்டிலா, வீட்டிலா?

ஒரு குழந்தைக்கு முதல் வகை நீரிழிவு என்று தெரிந்ததும் பிரிட்டனில் இரண்டு வழிகள் உண்டு. சில நாள் வார்டில் வைத்து இன்சுலின் தொடங்கலாம். அல்லது வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குழந்தைகள் நீரிழிவுக்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸ் வீடு தேடிப் போய்க் கற்றுத்தரலாம். ரத்தத்தில் அமிலம் ஏறி வாந்தியும் மூச்சிரைப்புமாக வரும் பிள்ளைக்கு இந்தத் தேர்வு கிடையாது; அதற்கு ஆஸ்பத்திரிதான்.

வார்டின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததே: சர்க்கரை சட்டென்று இறங்கினால் பக்கத்தில் ஆள் இருக்கிறது. ஆனால் அங்கே சாப்பாடு வேளை தவறாமல் வருகிறது, பிள்ளை படுத்தே கிடக்கிறது, ஷிப்டுக்கு ஒரு நர்ஸ் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார். அங்கே சரியாக இருந்த மருந்தளவு, வீடு திரும்பிய பிள்ளை ஓடியாடத் தொடங்கியதும் அதிகமாகிவிடக்கூடும்.

வீட்டுக்கு வரும் நர்ஸ், அந்த வீட்டுத் தட்டில் விழும் உணவை வைத்தே மாவுச்சத்தைக் கணக்கிடக் கற்றுத்தருகிறார். மற்றப் பாடங்களும் அங்கேயே நடக்கின்றன: ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி போட்டால் அங்கே தடித்துப்போய் மருந்து சரியாக ஏறாது. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உடனே குளுக்கோஸ். காய்ச்சலில் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக்கூடாது. இந்தக் கடைசிப் பாடத்தைத்தான் பெற்றவர் மனம் ஏற்க மறுக்கும். சாப்பிடாத பிள்ளைக்கு எதற்கு ஊசி என்று பாட்டியும் கேட்பார். அந்தப் பாட்டியை உட்காரவைத்து விளக்க வார்டில் யாருக்கு நேரம்?

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரம் இதில் முன்னோடி. 1950-களிலேயே டாக்டர் ஜோன் வாக்கர் அங்கே சுகாதாரச் செவிலியர்களை நீரிழிவு நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார். அதே ஊரில் பீட்டர் ஸ்விஃப்டின் குழு, புதிதாக நோய் கண்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோரை வார்டில் சேர்க்காமலே பார்த்துக்கொண்டதை 1993-இல் எழுதியது. பிறகு 203 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் வீடு, வார்டு என இரண்டாகப் பிரித்து நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை.

அப்படியானால் எங்கே தொடங்கினாலும் ஒன்றுதான் என்று முடித்துவிடலாமா? எனக்கு அதில் உடன்பாடில்லை. இரு தரப்பின் சராசரியும் எட்டரை சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பிரிட்டிஷ் வழிகாட்டுதலின் இலக்கோ 6.5. முதல் வாரத்தைப் பற்றியே வாதாடிக்கொண்டிருந்தால் அடுத்த இரண்டு ஆண்டுகள் கவனத்திலிருந்து நழுவிவிடும். இன்னொன்று: நர்ஸ் பற்றாக்குறையை வார்டு சில நாள் மூடி மறைக்கும், வீட்டில் அது முதல் இரவே வெளிப்பட்டுவிடும்.

2012-இல் இங்கிலாந்து கட்டாயமாக்கிய, மருத்துவமனைகளுக்குத் தொகை தரும் கட்டண முறை, முதல் வாரத்துக்குப் பிந்தைய இந்தக் கவனிப்பில்தான் கைவைத்தது. ஆண்டுக்கு நான்கு கிளினிக் சந்திப்பு, மேலும் எட்டுத் தொடர்புகள், 24 மணி நேர ஆலோசனை ஆகியவற்றைத் தரும் மருத்துவமனைக்கே அந்தத் தொகை. இவற்றில் பெரும்பங்கு நர்ஸின் தோளில்தான் விழுகிறது.

வீடா வார்டா என்று முடிவெடுக்கப்போகும் பெற்றோர், நள்ளிரவில் கூப்பிட்டால் போனை எடுப்பவர் யார் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.