குளிர்நிலையில் டீசல் லாரியை இயக்குதல்

குளிர்நிலையில் டீசல் லாரியை இயக்குதல் என்பது, சுற்றுப்புற வெப்பநிலை குறைந்த இடங்களில் டீசல் எஞ்சின் பொருத்திய சரக்கு வண்டியைக் கிளப்புவதற்கும், ஓட்டுவதற்கும், நிறுத்தி வைப்பதற்கும் கையாளப்படும் முறைகளைக் குறிக்கும். இந்தியாவில் லடாக், காசுமீர், இமாச்சலப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் இது அன்றாடத் தேவையாகும். தமிழ்நாட்டில் நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் மட்டும் ஓரளவு தேவைப்படுகிறது. எனினும் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு போன்ற லாரித்தொழில் ஊர்களின் வண்டிகள் நாடு முழுவதும் செல்வதால், வெப்பநிலத்து ஓட்டுநர்களும் இதனை அறிந்திருக்க வேண்டியுள்ளது. குளிரில் நின்றுபோகும் வண்டிகளில் பலவற்றில் எஞ்சினில் பழுது இருப்பதில்லை. வெப்பமான சமவெளியில் நிரப்பிய எரிபொருளே அதற்குக் காரணமாக அமைகிறது.

அடிப்படை

பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் அவ்வாறான மின்பொறி கிடையாது. செருமானியப் பொறியாளர் ருடோல்ஃப் டீசல் உருவாக்கி, 1897 ஆம் ஆண்டு வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இவ்வகை எஞ்சினில், உருளைக்குள் வரும் காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு முதல் பதினெட்டில் ஒரு பங்கு வரையான கன அளவுக்கு அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று 500 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாகிறது. அச்சூட்டில் நாசில் வழியே பீச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது.

ஆகவே உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை முக்கியமானது. அது 10 பாகை குறைந்தால், அழுத்தத்தின் முடிவில் கிடைக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை குறையும். இதனுடன் குளிர்ந்த உருளைச் சுவரும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் வெப்பம் வெளியேறவும், பிஸ்டன் வளையங்களின் இடுக்கில் காற்று கசியவும் கூடுதல் நேரம் கிடைக்கிறது. எனவே சூடான காற்று, போதிய சுழற்சி வேகம், தடையின்றி வரும் எரிபொருள் ஆகிய மூன்றும் இருந்தால்தான் டீசல் எஞ்சின் கிளம்பும். குளிர் இம்மூன்றையும் ஒரே நேரத்தில் பாதிக்கிறது.

குளிரின் விளைவுகள்

எரிபொருள்

டீசலில் இயல்பாகவே மெழுகுப்பொருள் கரைந்துள்ளது. வெப்பநிலை குறையும்போது இது மூன்று கட்டங்களில் வெளிப்படுகிறது. முதலில் நுண்ணிய மெழுகுப் படிகங்கள் தோன்றி டீசல் கலங்குகிறது. அடுத்து அப்படிகங்கள் பெருகி வடிகட்டியை அடைக்கின்றன. இறுதியில் டீசல் கூழாகி ஓடும் தன்மையை இழக்கிறது. இவற்றுள் ஓட்டுநரைப் பாதிப்பது இரண்டாம் கட்டமே. தொட்டியில் டீசல் நீர்மமாகத் தெரியும்போதே வடிகட்டி அடைபட்டு வண்டி நின்றுவிடும்.

இந்தியத் தரநிலை ஐ.எசு. 1460 இன்படி, கோடைக்கால டீசல் வடிகட்டியை அடைக்கும் வெப்பநிலை 18 பாகைக்கும், குளிர்கால டீசலுக்கு அது 6 பாகைக்கும் மேற்படக் கூடாது. ஓடும் தன்மை எஞ்சியிருக்கும் கடைசி வெப்பநிலைக்கான வரம்புகள் முறையே 15 பாகை, 3 பாகை ஆகும். இவை உச்ச வரம்புகளே என்பதால் பம்பில் கிடைக்கும் டீசல் இவற்றினும் நல்லதாக இருக்கலாம். ஆனால் ஓட்டுநர் உறுதியாக நம்பத்தக்கது வரம்பை மட்டுமே.

பேட்டரி

பேட்டரியின் ஆற்றல் வேதிவினையால் கிடைப்பது. குளிரில் அவ்வினை மந்தமாகிறது. சுழியத்துக்குக் கீழ் 18 பாகையில், ஈய அமில பேட்டரி தன் இயல்பான கிளப்பும் ஆற்றலில் பாதிக்கும் குறைவாகவே தரும். அதே வேளையில், இறுகிய ஆயிலை எதிர்த்து எஞ்சினைச் சுழற்ற வழக்கத்தைவிடக் கூடுதல் ஆற்றல் தேவைப்படுகிறது. முழுமையாக மின்னேற்றிய பேட்டரி கடுங்குளிரிலும் உறையாது. மின்னிறங்கிய பேட்டரியோ சுழியத்துக்குக் கீழ் 10 பாகை அளவிலேயே உறைந்து வெடிப்புறக்கூடும்.

எஞ்சின் ஆயில்

இந்திய லாரிகளில் பரவலாகப் பயன்படும் 15டபிள்யூ-40 ஆயில் வெப்பநிலத்துக்கு ஏற்றது. கடுங்குளிரில் அது பாகுபோல் இறுகி, கிளம்பிய முதல் நொடிகளில் டர்போவுக்கும் தாங்கிகளுக்கும் சென்று சேரத் தாமதமாகிறது. நீண்டநாள் குளிர்ப்பகுதியில் ஓடும் வண்டிகளுக்கு, தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கும் 5டபிள்யூ வகை ஆயில் பொருத்தமானது.

குளிர்விப்பு நீர்

நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. ரேடியேட்டரில் வெறும் நீர் இருந்தால், ஒரே இரவில் எஞ்சின் உடற்பகுதியே வெடிக்கலாம். எத்திலீன் கிளைக்கால் கூலண்டும் நீரும் சமபங்கு கலந்த கலவை ஏறத்தாழ சுழியத்துக்குக் கீழ் 37 பாகை வரை உறைவதில்லை. வழியில் வெறும் நீரை ஊற்றி நிரப்பிக்கொண்டே வந்த வண்டியில் இப்பாதுகாப்பு குறைந்துவிடும்.

இடத்திற்கேற்ற வேறுபாடுகள்

பழவேற்காடு

தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தையும் ஆந்திரப் பிரதேசத்தையும் ஒட்டி அமைந்துள்ள பழவேற்காடு ஏரியின் மீனவக் குப்பங்களில், மார்கழி, தை மாத விடியலிலும் வெப்பநிலை பொதுவாக 20 பாகையை ஒட்டியே இருக்கும். இது கோடைக்கால டீசலுக்கான வரம்பைவிடவும் மேலே உள்ளது. எனவே மீன், இறால், நண்டு ஆகியவற்றைப் பனிக்கட்டியிட்டுச் சென்னைக்குக் கொண்டு செல்லும் வண்டிகளிலோ, படகு எஞ்சின்களிலோ மெழுகு அடைப்பு ஏற்படுவதில்லை.

ஆயினும் விடியற்காலையில் முதல்முறை கிளப்புவது இங்கும் கடினமாக இருப்பதுண்டு. கையால் சுழற்றிக் கிளப்பும் ஒற்றை உருளைப் படகு எஞ்சினில் இதனைத் தெளிவாகக் காணலாம். அழுத்தத் தளர்வு நெம்புகோலைத் தூக்கிவிட்டு, எஞ்சினை வேகமாகச் சுழற்றி, வேகம் ஏறியதும் நெம்புகோலை விடுவிப்பர். வேகம் போதாவிட்டால் வெண்புகை மட்டும் வரும். டீசல் உள்ளே சென்றும் பற்றவில்லை என்பதே இதன் பொருள். மேலே கூறிய சுழற்சி வேகக் குறைவுதான் இங்கும் காரணம்.

இங்கு எரிபொருளுக்கு வரும் சிக்கல் மெழுகன்று, நீராகும். ஈரக்காற்று பாதி நிரம்பிய தொட்டிக்குள் இரவில் குளிர்ந்து நீர்த்துளியாகி, டீசலின் அடியில் சேர்கிறது. உப்புக்காற்றால் பேட்டரி முனைகளில் பூப்புப் பிடித்து மின்னோட்டம் குறைகிறது. ஏரி கடலுடன் கலக்கும் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து ஆழம் குறைந்து, அலை உடையும் இடத்தில் எஞ்சின் நின்றால் படகு கவிழும் ஆபத்து உண்டு. எனவே புறப்படும் முன் தொட்டியின் அடிநீரை வடிப்பதும், எஞ்சினைக் கரையோரமாகச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடேற்றிக்கொள்வதும் உயிர்க்காப்பு நடவடிக்கைகளாகும்.

நீலகிரி

உதகமண்டலம் பகுதியில் திசம்பர், சனவரி மாதங்களின் உறைபனி இரவுகளில் வெப்பநிலை சுழியத்தை ஒட்டிக் குறைவதுண்டு. சமவெளியில் கோடைக்கால டீசல் நிரப்பிய வண்டி, அன்று மாலையே மலையேறித் திறந்தவெளியில் நின்றால், தரநிலை உறுதியளிக்கும் வரம்புக்குக் கீழே சென்றுவிடுகிறது. இவ்வாறான வண்டிகள் விடியலில் கிளம்பி, தொட்டியிலிருந்து புதிய டீசல் வரத் தொடங்கியதும் திணறுவது மெழுகின் அறிகுறியாகும். வெயில் ஏறியதும் பெரும்பாலும் இது தானாகவே சீராகிவிடும்.

லடாக்

லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மணாலி-லே சாலையில் உள்ள தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கும் மேற்பட்டது. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியளவே இருப்பதால், குளிரோடு காற்றுக் குறைவும் சேர்ந்துகொள்கிறது. சோசி லா வழியான சிறீநகர்-லே சாலையில் அமைந்த திராசு, குளிர்காலத்தில் சுழியத்துக்குக் கீழ் 20 பாகைக்கும் இறங்கும் ஊராகும்.

2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்கிற்கெனத் தனிக் குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது. பானிப்பட்டு சுத்திகரிப்பு ஆலையில் உருவாக்கப்பட்ட இது, சுழியத்துக்குக் கீழ் 33 பாகை வரை ஓடும் தன்மையை இழப்பதில்லை. அதற்கு முன்னர் ஓட்டுநர்கள் மண்ணெண்ணெய் கலப்பது, இரவு முழுவதும் எஞ்சினை ஓடவிடுவது, தொட்டியின் அடியில் தீ மூட்டுவது ஆகியவற்றையே நம்பியிருந்தனர். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை ரோதங் கணவாயைத் தவிர்த்தது. எனினும் அதற்கப்பால் உள்ள உயர்ந்த கணவாய்களில் மாற்றமில்லை.

ஓட்டுநர் கவனிக்க வேண்டியது தொட்டியில் உள்ள பழைய டீசலையாகும். சமவெளியில் முழுமையாக நிரப்பிச் சென்றால், மேலே குளிர்கால டீசல் கிடைத்தாலும் ஊற்ற இடமிராது. தேவையான அளவு மட்டும் கொண்டுசென்று, மேலே உள்ள பம்பில் நிரப்பி, எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி வடிகட்டி வரை புதிய டீசலைக் கொண்டுவந்த பின்னரே இரவில் நிறுத்த வேண்டும்.

கிளப்பும் முறை

1. முதல்நாள் மாலையே எரிபொருள் வடிகட்டியில் உள்ள நீரை வடித்துவிடுதல். காற்றுத் தடைத் தொட்டிகளில் சேர்ந்த நீரையும் வெளியேற்றுதல். இது உறைந்தால் தடை பிடிக்காது அல்லது விடுபடாது.
2. காற்று மறைவான இடத்தில், இயலுமாயின் காலை வெயில் படும்படி வண்டியை நிறுத்துதல்.
3. காலையில் முகப்பு விளக்கு, காற்றாடி முதலியவற்றை அணைத்து, கியரை நடுநிலையில் வைத்தல்.
4. வண்டியில் காற்றுச் சூடேற்றியோ ஒளிர்முனைச் செருகியோ இருந்தால், அதன் குறிவிளக்கு அணையும் வரை காத்திருத்தல்.
5. கிளட்ச்சை முழுமையாக மிதித்துக் கிளப்புதல். இதனால் கியர்பெட்டியின் இறுகிய ஆயிலையும் சேர்த்துச் சுழற்றும் சுமை குறைகிறது.
6. ஒருமுறைக்கு 10 முதல் 15 நொடிகளுக்கு மேல் சுழற்றாதிருத்தல். கிளம்பாவிடில் ஒரு நிமிடமாவது இடைவெளி விடுதல்; பேட்டரி சற்று மீளவும், செல்ஃப் மோட்டார் ஆறவும் இது உதவும்.
7. கிளம்பியதும் முடுக்கியை அழுத்தாமல், ஆயில் அழுத்தம் ஏறும் வரை குறைந்த வேகத்தில் ஓடவிடுதல். பின்னர் குறைந்த கியரில் மெதுவாகப் புறப்படுதல்.

கிளம்பும்போது வரும் புகை காரணத்தைக் காட்டும். வெண்புகை வந்தால் எரிபொருள் வருகிறது, சூடு போதவில்லை. புகையே வராவிட்டால் எரிபொருள் வந்து சேரவில்லை. வடிகட்டியைப் பார்க்க வேண்டும். இரண்டாம் நிலையில் தொடர்ந்து சுழற்றினால் பேட்டரி மட்டுமே தீரும்.

ஓட்டும்போது

பனி படிந்த இறக்கத்தில் எஞ்சின் எதிர்ப்பையும் புகைவழித் தடையையும் திடீரெனப் பயன்படுத்தினால், பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கலாம். இறக்கத்துக்கு முன்னரே குறைந்த கியருக்கு மாறுவது நல்லது. பனியில் சக்கரச் சங்கிலி கட்டப்படுகிறது. நிறுத்தும் முன் எஞ்சினைச் சில நிமிடங்கள் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் டர்போ ஆறும். எஞ்சினை மணிக்கணக்கில் வெறுமனே ஓடவிடுவது எரிபொருளை வீணாக்குவதோடு, எரியாத டீசல் ஆயிலில் கலக்கவும், கரி படியவும் காரணமாகிறது.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கு உட்பட்ட லாரிகளில், புகையைத் தூய்மைப்படுத்த யூரியா கரைசல் பயன்படுகிறது. 32.5 விழுக்காடு யூரியா கொண்ட இக்கரைசல் சுழியத்துக்குக் கீழ் 11 பாகையில் உறையும். உருகியபின் அதனை வழக்கம்போல் பயன்படுத்தலாம். உறையும்போது விரிவடைவதால் அதன் தொட்டியை விளிம்பு வரை நிரப்பக் கூடாது.

தவிர்க்க வேண்டியவை

- தொட்டியின் அடியிலோ குழாய்களின் அருகிலோ தீ மூட்டுதல். கசியும் டீசலும் நெகிழிக் குழாய்களும் பற்றி வண்டியே எரிந்துவிடக்கூடும். அடைபட்ட வடிகட்டியின் மேல் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றுவதே பாதுகாப்பானது.
- மண்ணெண்ணெய் கலத்தல். இது டீசலின் வழவழப்பைக் குறைத்து, உயரழுத்தப் பம்பையும் நாசில்களையும் தேய்க்கிறது.
- சூடேற்றி உள்ள எஞ்சினில் ஈதர் தெளித்தல். காற்றுக்குழாயிலேயே வெடிப்பு நிகழலாம்.
- மூடிய கேபினுக்குள் அடுப்பு அல்லது கரியைப் பற்றவைத்து உறங்குதல். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டு உறங்குதல். கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறக்கத்திலேயே உயிர் போகும்.

குளிர்ப்பகுதியில் வண்டி கிளம்பவில்லை எனில், வெயில் ஏறும் வரை காத்திருப்பதே பல வேளைகளில் பாதுகாப்பான வழியாகும்.

இவற்றையும் பார்க்க

- டீசல் எஞ்சின்
- எரிபொருள் வடிகட்டி
- ஈய அமில பேட்டரி
- பழவேற்காடு ஏரி
- மணாலி-லே நெடுஞ்சாலை