சிறு விளக்கின் மௌனம்

மௌனம் சம்மதம் என்பது நம் வழக்கு. காரின் டேஷ்போர்டில் உள்ள எச்சரிக்கை விளக்குகளும் இவ்வழக்கை ஒட்டியே அமைந்தவை. எரியாத விளக்கு ‘எல்லாம் நலம்’ என்கிறது. ஆனால் இழை அறுந்த பல்பும் அதே மௌனத்தைத்தான் காட்டும். இவ்விரு மௌனங்களையும் வேறுபடுத்தி அறிவது எப்படி என்ற கேள்வி இச்சிறு விளக்கின் வரலாறு நெடுகிலும் தொடர்ந்து வருகிறது. அதைப் பழுதுபார்க்கும் வேலையை அற்பமென்று நாம் ஒதுக்க முடியாததும் அதனால்தான்.

முற்காலக் கார்களில் முள் காட்டும் மானிகள் இருந்தன. பேட்டரியில் மின்சாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை ஒன்று காட்டியது. எண்ணெயின் அழுத்தத்தை மற்றொன்று. 1930களில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் இவற்றின் இடத்தில் விளக்குகளை வைத்தது. மானியைவிட விளக்கு மலிவு. முள்ளின் பொருள் விளங்காதவருக்கும் சிவப்பு விளங்கும். மானிகளில் பழகியவர்கள் இவற்றை ‘முட்டாள் விளக்குகள்’ என்று கேலி செய்தார்கள். கேலியில் நியாயமும் உண்டு. கேடு நெருங்கும்போதே முள் மெல்லச் சாயத் தொடங்கும். விளக்கோ கேடு வந்தபின்தான் எரியும்.

ஆயினும் அந்த ஒற்றைச் சிவப்பை நம்பியே கோடிக்கணக்கான மக்கள் பயணம் செய்தார்கள். 2003-இல் மெக்சிகோவில் உற்பத்தி நிறுத்தப்பட்ட ஃபோல்க்ஸ்வாகன் பீட்டில் இதற்குச் சிறந்த சான்று. அதன் எஞ்சின் காற்றால் குளிர்வது. குளிர்விக்கும் விசிறி, மின்சாரம் தரும் டைனமோவின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தது. இரண்டையும் சுழற்றியது ஒரே பெல்ட். பெல்ட் அறுந்தால் மின்னேற்றம் நின்று சிவப்பு விளக்கு எரியும். விசிறியும் அப்போது நின்றிருக்கும். மின்சாரத்துக்கென வைத்த விளக்கு, உண்மையில் எஞ்சினின் உயிரைக் காத்தது. அந்தப் பல்பு பழுதாகியிருந்தால், எஞ்சின் வெந்துபோகும்வரை ஓட்டுநர் அறியாமலே செல்லக்கூடும்.

இவ்விளக்கின் இணைப்பு எளிமையானது. ஒரு முனை பேட்டரியின் பக்கம். மறுமுனை டைனமோவின் பக்கம். எஞ்சின் ஓடாதபோது இருபுற மின்னழுத்தமும் வேறுபடுவதால் விளக்கு எரிகிறது; டைனமோ மின்சாரம் தரத் தொடங்கியதும் இரண்டும் சமமாகி அணைகிறது. ஆகவே, சாவியைத் திருப்பியதும் அது எரிந்தாக வேண்டும். எரியாவிட்டால் செய்தி சொல்பவனே மாண்டுவிட்டான் என்று பொருள். மௌனத்தைச் சோதிக்கும் வழி அந்த ஒரு கணத்தில் இருக்கிறது. பின்னர் வந்த ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் இந்தப் பல்பின் வழியே செல்லும் மின்சாரமே காந்தச் சுருளை முதலில் எழுப்பியது. அங்கே பல்பு அறுந்தால் மின்னேற்றமே தொடங்காமல் போகலாம்.

சுவிட்சுக்குள் அமைந்த விளக்கின் பணி வேறு. அது ‘நீ இட்ட கட்டளை சென்றது’ என்று மட்டுமே சொல்கிறது. ஐரோப்பியக் கார்களின் பின்புறப் பனிமூட்ட விளக்கை எடுத்துக்கொள்வோம். சுவிட்சின் சிறு விளக்கு பழுதானால், பனி விலகிய பின்னும் ஓட்டுநர் அதை அணைக்க மறப்பார். பின்னால் வருபவரின் கண் கூசும். இங்கே மௌனத்தின் விலையைப் பிறர் கொடுக்கிறார்கள்.

அக்காலப் பழுதுபார்ப்பு எளிது. 1.2 வாட்டுப் பல்பைப் பிடுங்கிப் புதியதைச் செருகினால் போதும். எல்.இ.டி. வந்தபின் நிலை மாறியது. இதன் கதை நீண்டது. 1907-இல் பிரிட்டனின் ஹென்றி ரவுண்டு, கார்போரண்டம் படிகத்தில் மின்சாரம் பாயும்போது ஒளி தோன்றுவதைக் கண்டார். 1920களில் ருஷ்யாவின் ஒலெக் லோசெவ் இதைத் தானே கண்டு விரிவாக ஆராய்ந்தார். 1942-இல் முற்றுகைக்குள்ளான லெனின்கிராடில் பட்டினியால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 38. 1962-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலன்யாக் கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு எல்.இ.டி.யைச் செய்து காட்டினார்.

இது இழையில்லாத விளக்கு. பல்பைவிடப் பன்மடங்கு உழைக்கும். ஆனால் பல சுவிட்சுகளில் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், கெட்டால் சுவிட்சையே மாற்றச் சொல்கிறார்கள். பொறுமையுள்ளவர் விளக்கை மட்டும் மாற்றலாம். திசை மாறினால் அது எரியாது. எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 14 வோல்ட்டை நேரே கொடுத்தால் கருகிவிடும். சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 2 வோல்ட்டு, 20 மில்லியாம்பியர் எனக் கொண்டால், தொடரில் சுமார் 600 ஓம் தடை வேண்டும். பழைய ஆல்டர்னேட்டரின் மின்னேற்ற விளக்கில் மட்டும் இம்மாற்றத்தை அப்படியே செய்யலாகாது. பல்பு கடத்திய 100 மில்லியாம்பியருக்கு மாறாக அதில் ஐந்தில் ஒரு பங்கே சென்றால் காந்தச் சுருள் விழிக்காமல் போகலாம்; பக்கவாட்டில் இன்னொரு தடையை இணைத்து அக்குறையை ஈடுகட்ட வேண்டும்.

வேலை முடிந்ததும் விளக்கு எரிவதைக் கண்டு பலர் நிறைவடைந்துவிடுகிறார்கள். சுவிட்சை அமுக்கியபின் வண்டியின் பின்புறம் சென்று அங்கும் ஒளி இருக்கிறதா என்று பார்ப்பது முறை. பிறகு திரும்பி வந்து சுவிட்சை அணைத்து, சிறு விளக்கும் உடனே அணைகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அதன் மௌனத்தை நாம் நம்பலாம்.