சீனாவில் பூட்டு, சென்னையில் போட்டி

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் காதுக்கு ஓய்வு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். தகடு இறக்கும் சத்தம் இல்லை, ட்ரெய்லர் பின்னால் வரும் ஹாரன் இல்லை. 2022 செப்டம்பர் 18ஆம் தேதியும் அப்படி ஒரு ஞாயிறுதான். திருவொற்றியூரில் மெட்ரோ ஏறி, எழும்பூரில் மின்சார ரயில் மாறி, நுங்கம்பாக்கத்தில் இறங்கினேன். வடசென்னைக்காரனுக்கு கேரம் தெரியும், கால்பந்து தெரியும், பாக்ஸிங் ரத்தத்திலேயே ஊறியது. டென்னிஸ் மட்டும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து விளையாட்டு என்று ஒரு நினைப்பு. அன்றைக்கு அங்கே நடந்தது சென்னை ஓபன் மகளிர் ஒற்றையர் இறுதி ஆட்டம்.

பெயரைக் கேட்டதும் பழைய சென்னை ஓபன் ஞாபகம் வரும். அது ஆண்களுக்கானது. 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டிய நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் நடந்தது. நடால் வந்தார், வாவ்ரிங்கா நான்கு முறை கோப்பை வென்றார். 2018இல் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. ஸ்டேடியம் இங்கேயே இருக்க, போட்டி மட்டும் எப்படிப் போகும் என்று அப்போது பலர் கேட்டார்கள்.

எங்கள் மார்க்கெட்டில் கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார்கள். ஜார்ஜ் டவுன் சந்துகளில் நெருக்கியடித்துக் கிடந்த இரும்பு வியாபாரத்தை நகர்த்துவதற்காக சிஎம்டிஏ அமைத்த இடம் இது. குடோன் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் இங்கே பேச்சு. டென்னிஸிலும் அதே கதைதான். போட்டிக்கு ஓர் உரிமம் உண்டு. அதைக் கையில் வைத்திருப்பவர் எந்த ஊருக்கு எடுத்துப் போகிறாரோ, அந்த ஊரில்தான் ஆட்டம்.

அப்படியிருக்க 2022இல் பெண்கள் போட்டி சென்னைக்கு எப்படி வந்தது? சீனாவால் வந்தது. பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏவின் காலண்டரில் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் பெரும்பாலும் சீன நகரங்களுக்கே உரியவை. கொரோனா முதலில் அந்தப் போட்டிகளை நிறுத்தியது. 2021 நவம்பரில் சீன வீராங்கனை பெங் ஷுவாய், நாட்டின் முன்னாள் துணைப் பிரதமர் மீது பாலியல் புகார் எழுதிவிட்டுப் பொதுவெளியிலிருந்து காணாமல் போனார். அந்த டிசம்பரில் டபிள்யூடிஏ சீனாவில் நடக்கவிருந்த எல்லாப் போட்டிகளையும் நிறுத்திவைத்தது. வாரங்கள் காலியாயின. குடோன்காரர் இல்லாத மாதத்தில் வேறொருவர் சரக்கு இறக்கிக்கொள்வதுபோல, சில நகரங்களுக்கு இடம் கிடைத்தது. அதில் ஒன்று சென்னை. தமிழக அரசு பணம் கொடுத்தது. விஜய் அமிர்தராஜ் தலைமையிலான தமிழ்நாடு டென்னிஸ் சங்கம் நடத்தியது. மொத்தப் பரிசு 2,51,750 டாலர். போட்டியின் தரத்துக்குப் பெயர் ‘250’. ஆனால் அந்த ஆண்டு கோப்பை வென்றவருக்குக் கிடைத்தது 280 புள்ளி. இந்தக் கணக்கு மட்டும் எங்கள் எடைமேடைக்காரருக்கே புரியாது!

நம் வீராங்கனைகளில் கர்மன் கௌர் தாண்டி, முதல் சுற்றில் பிரான்ஸின் குளோயி பாக்கேயை மூன்று செட்டில் வீழ்த்தினார். அடுத்த சுற்றில் விம்பிள்டன் இறுதி வரை போனவரான யூஜெனி புஷார்டிடம் தோற்றார். அத்தோடு ஒற்றையரில் இந்தியா முடிந்தது.

இறுதியில் போலந்தின் மக்தா லினெட், வயது 30. எதிரே செக் நாட்டு லிண்டா ஃபுருவிர்தோவா, வயது 17, தரவரிசையில் அப்போது முதல் நூறுக்குள்கூட இல்லாதவர். முதல் செட் 6-4 என்று லினெட்டுக்கு. இரண்டாவது 6-3 என்று சின்னப் பெண்ணுக்கு. மூன்றாவது செட்டில் லினெட் 4-1 முன்னிலை. இன்னும் இரண்டே கேம் எடுத்தால் கோப்பை அவருடையது. பக்கத்து இருக்கைப் பெரியவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “முடிஞ்சிடுச்சு தம்பி, கூட்டத்துக்கு முன்னாடி கிளம்பிடலாம்” என்றார். நல்லவேளை, இருவரும் கிளம்பவில்லை. அடுத்த ஐந்து கேமும் வரிசையாக ஃபுருவிர்தோவாவுக்கே. 6-4. பெரியவர் பையோடு எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். முதல்வர் மு.க.ஸ்டாலின் கோப்பை கொடுத்தார்.

இருவரும் நான்கே மாதத்தில் மெல்போர்னில் தெரிந்தார்கள். 2023 ஆஸ்திரேலிய ஓபனில் ஃபுருவிர்தோவா நான்காம் சுற்று வரை போனார். லினெட் அரையிறுதிக்கே போய்விட்டார்.

இங்கே ஒரு தேதி விளையாட்டு. 2005 பிப்ரவரி 12ஆம் தேதி ஹைதராபாத் ஓபனில் சானியா மிர்சா, உக்ரைனின் அலோனா பொன்தரென்கோவை வென்று டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அன்று லினெட்டுக்குப் பதின்மூன்றாவது பிறந்தநாள். ஃபுருவிர்தோவா பிறந்ததோ அதே ஆண்டு மே மாதம். அந்தக் காலத்தில் இந்தியாவில் பெண்கள் போட்டிக்குப் பஞ்சமே இல்லை. கொல்கத்தாவில் ஹிங்கிஸ் ஜெயித்தார், பெங்களூரில் செரீனா ஜெயித்தார். 2008க்குப் பிறகு அந்த வரிசை அறுந்தது. சென்னை வரும்வரை பதினான்கு ஆண்டு இடைவெளி.

2023 ஏப்ரலில் டபிள்யூடிஏ சீனாவுக்குத் திரும்புவதாக அறிவித்தது. சென்னையில் அந்த ஆண்டும் போட்டி இல்லை, மறு ஆண்டும் இல்லை. 2025 அக்டோபர் கடைசியில் மீண்டும் வந்தது. வந்த வேகத்தில் மழையும் புகுந்து ஆட்டங்களைத் தள்ளிப்போட்டது. ஐப்பசியில் வைத்தால் வேறென்ன நடக்கும்? இறுதியில் இந்தோனேசியாவின் ஜனிஸ் ஜென், ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெலை 6-4, 6-3 என்று வென்றார். 2002க்குப் பிறகு ஓர் இந்தோனேசியப் பெண் டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் வென்றது அதுவே முதல் முறை.

அவர்களுக்கு அது 23 ஆண்டுக் காத்திருப்பு. ஹைதராபாத்துக்குப் பிறகு சானியாவே இன்னொரு ஒற்றையர் பட்டம் வெல்லவில்லை. வேறு எந்த இந்தியப் பெண்ணும் வெல்லவில்லை.