ஆல்-இன் உரிமையும் முழு ரைஸ் விதியும்: பாட்-லிமிட் போக்கரின் வளர்ச்சியில் ஒரு முடிச்சு

கையிருப்பு மொத்தத்தையும் நடுவே தள்ளி ‘ஆல்-இன்’ சொல்லும் போக்கர் ஆட்டக்காரர், எதிராளியின் பந்தயத்துக்கு ஈடான பணம் இல்லாமலேயே சீட்டைக் காட்டும் கட்டம்வரை ஆட்டத்தில் நிற்கலாம். இந்த உரிமை ஆட்டத்தோடு பிறந்ததன்று. மடி கனத்தவரிடமிருந்து மற்றவரைக் காக்க வந்தது. வந்த பிறகு அதற்கே ஒரு கடிவாளம் தேவைப்பட்டது. அந்தக் கடிவாளத்தின் முழு இறுக்கமும் பாட்-லிமிட் மேசையில்தான் தெரிகிறது.

ஆரம்பகாலப் போக்கருக்கு 20 சீட்டுகளே. ஆங்கில நடிகர் ஜோ கோவெல், 1829-இல் லூயிவில்லிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் சென்ற நீராவிக் கப்பலில் கண்ட ஆட்டத்தை 1844-இல் வெளிவந்த தம் நினைவுநூலில் பதிவு செய்திருக்கிறார். நான்கு ஏஸ்களையோ, நான்கு ராஜாக்களோடு ஓர் ஏஸையோ அன்று எந்தக் கையும் வெல்ல முடியாது. அப்படி ஒரு கை அமைந்தவர், வரம்பு பேசிக்கொள்ளாத மேசையில் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போவார். நல்ல சீட்டு வைத்திருந்தும் பணம் போதாதவர் என்ன செய்வது? இருப்பதைக் கட்டி, அந்த அளவுக்குச் சீட்டைக் காட்டச் சொல்லும் ‘சைட்’ உரிமையை 19-ஆம் நூற்றாண்டு விதிநூல்கள் அளித்தன. கை தொடங்கும்போது மேசைமேல் இருக்கும் பணம் மட்டுமே செல்லும், நடுவில் சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சேர்க்கக் கூடாது என்ற ‘டேபிள் ஸ்டேக்ஸ்’ முறையும் அதே நியாயத்தின் மேல் நிற்பதுதான். மிஞ்சிய பணத்துக்கு மற்றவர்கள் தனியாக ‘சைட் பாட்’டில் மோதிக்கொள்ளலாம். ஏழை ஆட்டக்காரருக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பைப் போக்கர் வரலாற்றின் மிகப் பெரிய சீர்திருத்தமாகவே கருதுகிறேன்.

பந்தயத்துக்கு உச்சவரம்பு வைப்பது வேறொரு வழி. நடுவில் குவிந்திருக்கும் ‘பாட்’டின் அளவே வரம்பு என்பது பாட்-லிமிட். ரைஸ் செய்பவர், அதாவது பந்தயத்தை உயர்த்துபவர், முதலில் எதிராளியின் பந்தயத்துக்கு ஈடுகட்டியதாகக் கணக்கிட்டு, அதன்பின் உள்ள மொத்தத் தொகை அளவுக்கு உயர்த்தலாம். பாட்டில் 100, ஒருவர் 50 கட்டுகிறார். அடுத்தவர் ஈடுகட்டும் 50-ஐச் சேர்த்தால் 200. ஆகவே 200 உயர்த்தி, மொத்தம் 250 வைக்கலாம். 1980-களில் லாஸ் வேகஸின் கோல்டன் நகெட் சூதாட்ட விடுதியிலிருந்து பரவிய ஓமஹா என்ற போக்கர் வகைக்கு இம்முறை பொருந்திப்போனது. கைக்கு நான்கு சீட்டு, அதில் இரண்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதால், பொதுச்சீட்டு விரியுமுன் கைகளுக்கிடையே வலிமை வேறுபாடு குறைவு. வரம்பில்லாவிட்டால் எல்லாம் முதல் சுற்றிலேயே முடிந்துவிடும்.

பாட்-லிமிட்டில் பணம் படிப்படியாகத்தான் உள்ளே போகும். பாட் 100 எனில், மூன்று சுற்றிலும் முழு பாட் அளவுக்குக் கட்டி ஒருவர் ஈடுகட்டினால் 100, 300, 900 என ஆளுக்கு 1,300 இறங்குகிறது. பாட்டைப்போல் 13 மடங்குக்கு மேல் கையிருப்பு இருந்தால், ரைஸ் வராமல் அது முழுதும் உள்ளே போகாது. தேர்ந்தவர்கள் முதல் பந்தயத்திலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவார்கள்.

சிக்கல் அரைகுறை ஆல்-இன்னில் எழுகிறது. பாட்டில் 300. முதலாமவர் 100 கட்டுகிறார். இரண்டாமவர் 300 ஆக்குகிறார். உயர்த்திய தொகை 200. மூன்றாமவரிடம் இருப்பதே 420. அதை வைத்து ஆல்-இன் போகிறார். கூடுதல் 120தான், முந்தைய உயர்வான 200-ஐ எட்டாததால் முழு ரைஸ் ஆகாது. முதலாமவர் 420-க்கு ஈடுகட்டினால், இரண்டாமவர் 120 சேர்க்கலாம் அல்லது சீட்டை வைத்துவிடலாம். மறுபடி உயர்த்த முடியாது. தம் முறையில் வேண்டிய அளவு உயர்த்திவிட்டவருக்கு, அடுத்தவரின் சில்லறைத் தொகை இரண்டாவது வாய்ப்பைத் தரலாகாது. முதலாமவருக்கோ அந்தத் தடை இல்லை, ஏனெனில் இரண்டாமவரின் முழு ரைஸை அவர் இன்னும் எதிர்கொள்ளவில்லை. நிலையான வரம்புள்ள லிமிட் ஆட்டத்தில் பாதி ரைஸே பந்தயத்தை மீண்டும் திறந்துவிடும். பாட்-லிமிட்டிலும் வரம்பே இல்லாத நோ-லிமிட்டிலும் முழுமை வேண்டும்.

இவ்வகை ஆட்டத்துக்கென்று ஸ்டூவர்ட் ரூபனும் பாப் சியாஃபோனும் சேர்ந்து எழுதிய நூல் 1997-இல் வந்தது. இருவரும் சதுரங்கத்திலிருந்து வந்தவர்கள். ரூபன் சர்வதேச நடுவர். பின்னர் சியாஃபோன் தொகுத்த ‘ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் போக்கர்’ முழு ரைஸ் விதியை எடுத்துக்காட்டோடு நிறுவியது. தனித்தனியே குறைவாக உள்ள ஆல்-இன்கள் சேர்ந்து முழு ரைஸ் ஆனால் பந்தயம் திறக்கும் என்பதையும் அது ஏற்றது. நம் எடுத்துக்காட்டில் நான்காமவர் 520-க்கு ஆல்-இன் போனால், இரண்டாமவர் எதிர்கொள்வது 220. உரிமை திரும்ப வந்துவிடுகிறது. 2001-இல் தொடங்கப்பட்ட டோர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன் விதிகளும் இதையே பின்பற்றுகின்றன.

இங்கே போதிய கவனம் பெறாத ஒன்று உண்டு. மூன்றாமவரின் 420 பந்தயத்தைத் திறக்காவிட்டாலும் உச்சவரம்பை ஏற்றுகிறது. முதலாமவர் ரைஸ் செய்ய நினைத்தால் 300, 100, 300, 420 ஆக 1,120, ஈடுகட்ட 320, மொத்தம் 1,440. அவர் 420-க்கு மேல் 1,440 உயர்த்தி, 1,860 வரை போகலாம். ரைஸாக எண்ணப்படாத பணம் பாட்டாக எண்ணப்படுகிறது. குறுகிய கையிருப்புக்காரரைப் பின்னால் வைத்துக்கொண்டு உயர்த்துபவர், தமக்கு மறுவாய்ப்பு போகலாம், எதிராளிக்கு வரம்பு கூடலாம் என இரண்டையும் எடைபோட வேண்டும். அசோசியேஷனின் விதிகளே ஓரிடத்தில் மட்டும் இந்தக் கணக்கிலிருந்து விலகுகின்றன: கட்டாயப் பந்தயமான பிளைண்டைக் கட்டப் பணம் போதாமல் ஒருவர் ஆல்-இன் போனால், பொதுச்சீட்டு விரியும்வரை அது முழு பிளைண்டாகவே கணக்கிடப்படும், அதன்பின் பாட்டில் உண்மையாக இருக்கும் தொகையே அளவு.