சேதுச் சாலைச் சத்திரங்களும் வழிப்போக்கர் அறமும்

திருக்கோயிலை நாடி வருவோர்க்குச் சோறும் படுக்க இடமும் அளிப்பதைத் தமிழர் வழிபாட்டின் ஒரு கூறாகவே போற்றி வந்துள்ளனர். காவிரிப்பூம்பட்டினத்து அட்டிற்சாலைகளில் வடித்த கஞ்சி தெருவில் ஆறென ஓடியதாகப் பட்டினப்பாலை கூறும். மணிமேகலைக் காப்பியத்தில், ஆதரவற்றோர் தங்கும் உலக அறவி என்னும் பொது அம்பலத்திலேதான் மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி நின்று பசிப்பிணி தீர்க்கிறாள். இவ்வறம் பிற்காலத்தில் கட்டடமும் நிலமும் கணக்கும் கொண்ட நிலையான அமைப்பாக வளர்ந்தது. அதுவே சத்திரம்.

புகைவண்டி வருவதற்கு முந்திய நாளில் இராமேசுவர யாத்திரை என்பது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும் பயணமாகும். முதியோர், கைக்குழந்தைகள், சில வேளைகளில் கருவுற்ற பெண்கள் என முழுக் குடும்பமே புறப்படும். பகலை நடந்து கழித்துவிடலாம். இரவுதான் அச்சம் தருவது. பாம்பும் கள்வரும் காய்ச்சலும் வழிநடையாரைச் சூழ்ந்திருந்த காலம் அது. வழியில் கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாகச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நடும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. யாத்திரையின் துன்பத்தை உணர்த்த அக்கற்களே போதும்.

இத்துன்பத்தைக் கண்டு அரசர்கள் பலர் சத்திரங்கள் எழுப்பினர். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளாலும் சத்திரங்களாலும் இன்றும் நினைக்கப்படுகிறார். மதுரைப் புகைவண்டி நிலையத்தின் எதிரே அவர் பெயரால் சத்திரம் உண்டு. இராமநாதபுரம் சேதுபதிகளும் யாத்திரிகர்க்கு அறம் பல செய்தனர். தஞ்சை மராட்டிய மன்னர்களோ தஞ்சையிலிருந்து சேது நோக்கிச் செல்லும் சாலை நெடுகச் சத்திரங்களை வரிசையாக அமைத்து, அவற்றிற்கு அரச மகளிரின் பெயர்களைச் சூட்டினர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரமும், மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரமும் எழுந்தன. தஞ்சைக்குத் தெற்கே சுமார் 24 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ ஒரு நாள் நடையில், ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் அமைந்தது. அதனைத் தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாகக் கட்டியவர் இரண்டாம் சரபோஜி மன்னர் ஆவார். அவர் 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்தார்.

இச்சத்திரங்கள் நடைபெற்ற முறையை அறிய அரியதோர் ஆவணம் நமக்குக் கிடைத்துள்ளது. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. நாட்டை இழந்த சரபோஜி, முன்னோர் தொடங்கிய சத்திர தருமம் அழிந்துவிடலாகாது என்று கவலையுற்று, 1801இல் ஆங்கில ரெசிடெண்டுக்கு விரிவானதொரு கடிதம் எழுதினார்.

அக்கடிதத்தின் செய்திகள் நெஞ்சை நெகிழ்விப்பவை. வருவோர் எக்குலத்தவராயினும், எச்சமயப் பிரிவினராயினும், அனைவருக்கும் சோறு உண்டு. சமைத்த சோற்றை ஏற்க விரும்பாதோர்க்கு அரிசியும் மற்றப் பொருள்களும் தரப்படும். உணவு வழங்கல் நள்ளிரவு வரை நடைபெறும். பின்னர் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருப்பின் வருக என்று உரக்க அழைப்பர். குழந்தைகளுக்குப் பால் உண்டு. நோயுற்றவர்க்கு மருத்துவரும் மருந்தும் பத்திய உணவும் உண்டு, குணமாகும்வரை தங்கலாம். கருவுற்ற பெண் அங்கேயே பிள்ளை பெற்றால் செலவு சத்திரத்தைச் சேரும். அவள் மேலும் மூன்று மாதம் தங்கியிருக்கலாம். வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சத்திரத்து ஆசிரியரிடம் ஒப்படைத்து, மூன்று வேளை உணவும், நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியலும், உடையும் கல்வியும் தந்து வளர்ப்பர். இறந்தோர்க்கு அவரவர் முறைப்படி ஈமக்கடனும் செய்யப்படும்.

பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு குடும்பத்திற்கு வழியில் நேரக்கூடிய அனைத்தையும் எண்ணிப் பார்த்து அமைத்த ஏற்பாடு இது. அதிலும் அந்த நள்ளிரவு மணி தனிச்சிறப்புடையது. பசித்தவன் வந்து கேட்கும்வரை காத்திராமல், அறமே எழுந்து சென்று பசித்தவனைத் தேடியது.

எனினும் வரலாற்றை முழுமையாகக் காண வேண்டும். சோறு அனைவர்க்கும் உண்டு என்றாலும் பந்தி ஒன்றாக இருக்கவில்லை. சமையலிலும் உண்ணும் இடத்திலும் சாதி வேறுபாடு காக்கப்பட்டது. ஒரு சாராருக்கு மட்டுமே கதவு திறந்த சத்திரங்களும் தமிழகத்தில் இருந்தன. இன்று ஆலய அன்னதானத்தில் அனைவரும் ஒரே பந்தியில் அமர்கிறோம். அம்முன்னோர் எட்டாத படி ஒன்றில் நாம் நிற்கிறோம் என்பதையும் உணர்தல் நலம்.

சத்திரங்கள் நீடித்தமைக்குக் காரணம் அவற்றிற்கென எழுதி வைத்த நிலங்களே. ஆண்டுதோறும் நன்கொடை திரட்டி நடத்தியிருந்தால் அரசு மாறியதுமே அவை மறைந்திருக்கும். 1855இல் தஞ்சை அரச மரபின் உரிமை முடிவுற்ற பின்னரும் சத்திரச் சொத்துகள் தனி நிர்வாகத்தின் கீழ்த் தொடர்ந்தன. ஆனால் நடைபயணமே குறைந்தது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்குப் புகைவண்டி வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் இராமேசுவரத்திற்கே வண்டியில் செல்ல முடிந்தது. சத்திரங்களில் வழிப்போக்கர் அருகினர். அப்போது அவ்வறம் கல்வியின் பக்கம் திரும்பியது. சத்திரக் கட்டடங்கள் சில மாணவர் விடுதிகளாயின; திருவையாற்று அரசர் கல்லூரி சத்திர நிதியின் துணையால் வளர்ந்தது. ஒரு தேவை மறைந்தபோது நிதி வேறொரு தேவையைத் தேடிச் சென்றது என்பதே இதன் பாடம்.

இனி நம் ஜொகூர் மாநிலத்தை நோக்குவோம். கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரையிலான இரயில் பாதை 1909இல் நிறைவுற்றது. சிங்கப்பூரை இணைக்கும் பாலம் 1924இல் முறைப்படி திறக்கப்பட்டது. இரப்பர் தோட்டங்கள் பெருகப் பெருக, சத்திரங்கள் நிறைந்த தஞ்சை, திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் குடும்பம் குடும்பமாக வந்தனர். இங்கே ஊர்தோறும் அரசாங்க ரெஸ்ட் ஹவுஸ்கள் எழுந்தன. ஆனால் அவை சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்காக ஏற்பட்டவை. பிறர் இடம் இருந்தால் கட்டணம் செலுத்தித் தங்கலாம். நாளெல்லாம் உழைத்து அரை வெள்ளி அளவே கூலி பெற்ற தோட்டத் தொழிலாளிக்கு அவ்விடம் எட்டாதது. உறவினரின் லயத்து வீடோ, கோயில் மண்டபமோதான் அவனுக்குச் சத்திரம். செட்டியார்களோ தமக்குள் கிட்டங்கிகளை அமைத்துத் தங்கினர். 1911இல் தோன்றிய ஜொகூர் பாரு அருள்மிகு இராஜமாரியம்மன் தேவஸ்தானம் போன்ற ஆலயங்கள் நம்மவர் கூடுமிடங்களாகத் திகழ்ந்ததை இப்பின்னணியில் வைத்தே எண்ண வேண்டும்.

இன்று ஆலயங்களுக்கு அழகிய மண்டபங்கள் உள்ளன. திருமணங்களுக்கு அவை பயன்படுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் இன்றைய வழிப்போக்கர் யார் என்று நிர்வாகத்தினரும் அன்பர்களும் சிந்திக்க வேண்டும். மெர்சிங்கிலிருந்தோ சிகாமட்டிலிருந்தோ நோயாளியைப் பெரிய மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, இரவைக் கழிக்க இடமின்றித் தவிக்கும் குடும்பம் ஒரு வழிப்போக்கர் குடும்பமே. வேலை தேடி நகருக்கு வந்து முதல் சம்பளம் வரும்வரை திண்டாடும் இளைஞனும் வழிப்போக்கனே. இரண்டு அறைகள், ஒரு பானைச் சோறு, ஒரு சிறு நிலையான நிதி, ஒழுங்கான கணக்கு ஆகியவை இருந்தால் இவர்களுக்கு ஓர் இரவு நிம்மதி கிட்டும். இதற்கு மன்னர் வேண்டுவதில்லை. மனம் ஒன்றிய நிர்வாகம் போதும்.

திருவிழா நாளில் ஆலய மணி ஒலிக்கும்போது, ஒரு காலத்தில் சேதுச் சாலையில் நள்ளிரவில் ஒலித்த அந்த மணியையும் நினைவு கூர்வோமாக. உண்ணாதவர், உறங்க இடமில்லாதவர் எவரேனும் உளரோ என்று கேட்ட மணி அது. அக்கேள்விக்கு நம் தலைமுறையும் விடை அளிக்க அன்னையின் திருவருள் துணை நிற்பதாக.