பிறர் நிலத்தில் வேட்டை: பிரான்சில் இசைவும் உரிமையும் (1789–2000)

முன்னுரை

காட்டில் திரியும் விலங்கு எவருக்கும் உடைமையன்று. ஆயின் அது திரியும் நிலம் பெரும்பாலும் ஒருவருக்கு உடைமையாக உள்ளது. இவ்விரண்டிற்கும் இடையே எழும் முரண்பாட்டைப் பிரான்சு நாடு இரு நூற்றாண்டுகளாக எவ்வாறு எதிர்கொண்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

புரட்சி தந்த உரிமை

1789க்கு முன்னர் வேட்டை, மன்னருக்கும் பிரபுக்களுக்கும் உரிய தனியுரிமையாக விளங்கியது. பிரபு உழவரின் நிலத்தில் வேட்டையாடலாம். தம் பயிரை மேயும் விலங்கை உழவர் கொல்லலாகாது. அவ்வாண்டில் மன்னருக்கு எழுதப்பட்ட குறைமுறையீட்டு ஏடுகள் பலவற்றில் இக்கொடுமை இடம்பெற்றது. ஆகஸ்டு 4ஆம் நாள் இரவு தொடங்கிய தீர்மானங்கள் இத்தனியுரிமையை ஒழித்து, நிலவுடைமையாளர் ஒவ்வொருவருக்கும் தம் நிலத்தில் வேட்டையாடும் உரிமையை வழங்கின. 1790 ஏப்ரல் 30ஆம் நாள் சட்டம், உரியவரின் இசைவின்றிப் பிறர் நிலத்தில் வேட்டையாடுவதைத் தடைசெய்தது. உழவரைக் காத்த இக்கொள்கையே நிலமற்றவரை வேட்டைக்கு வெளியே நிறுத்தியது என்பதும் நோக்கத்தக்கது.

மௌனமே இசைவு

1844ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டை உரிமத்தை வலியுறுத்தியதோடு, உடைமையாளரின் இசைவையும் தொடர்ந்து கோரியது. எனினும் சிறு நிலங்கள் மிகுந்த தென்பகுதியில் ஒவ்வொருவரிடமும் இசைவு கேட்பது இயலாத செயல். எனவே, உடைமையாளர் மறுப்புத் தெரிவிக்காதவரை அவர் இசைந்ததாகவே கொள்ளும் வழக்கம் நிலைபெற்றது. இதனால் நிலமற்றவரும் வேட்டையாட முடிந்தது. ஆனால், எல்லார்க்கும் பொதுவான வேட்டை விலங்கைப் பேணுவார் எவருமிலர். அவற்றின் எண்ணிக்கை குறைந்தது.

வெர்தேய் சட்டம்

இக்குறையைப் போக்க, தார்ன் பகுதியின் செனட்டர் பெர்னான் வெர்தேய் முன்னின்ற சட்டம் 1964 சூலை 10ஆம் நாள் நிறைவேறியது. இச்சட்டம் நடைமுறைக்கு வந்த ஊர்களில் சிறு நிலங்கள் ஊர் வேட்டைச் சங்கத்தின் பொறுப்பில் ஒன்றிணைக்கப்பட்டன. வீட்டைச் சுற்றி 150 மீட்டர் வரையிலான நிலத்திற்கு விலக்கு உண்டு. உடைமையாளர் சங்க உறுப்பினராகிச் சங்க எல்லை முழுவதிலும் வேட்டையாடலாம். ஆனால் பொதுவாக 20 எக்டேருக்குக் குறைவான நிலமுடையோர் இவ்விணைப்பை மறுக்க இயலாது, பெருநிலமுடையோர் மறுக்கலாம்.

வேட்டையையே அறமற்றதெனக் கருதிய சிறு நிலவுடைமையாளர் சிலர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினர். 1999 ஏப்ரல் 29ஆம் நாள் தீர்ப்பு, தம் கொள்கைக்கு மாறான செயலுக்கு நிலத்தை அளிக்குமாறும் அச்சங்கத்தில் சேருமாறும் ஒருவரை வற்புறுத்துவது சொத்துரிமையையும் சங்கம் சேரும் உரிமையையும் மீறுவதாகும் எனக் கண்டது. சிறு நிலத்தார்க்கும் பெருநிலத்தார்க்கும் இடையே காட்டப்பட்ட வேறுபாடும் நியாயமற்றதெனக் கொள்ளப்பட்டது. 2000 சூலை 26ஆம் நாள் சட்டம், மனச்சான்றின் அடிப்படையில் விலகும் உரிமையை அளித்தது. அவ்வாறு விலகுவோர் தம் நிலத்தில் தாமும் வேட்டையாடலாகாது.

முடிவுரை

வெர்தேய் சட்டத்தின் நோக்கம் பிரபுக்களின் பழைய உரிமையை மீட்பதன்று. வேட்டை விலங்கைப் பேணுவதும் வேட்டையை மக்களுக்குப் பொதுவாக்குவதுமே ஆகும். எனினும், 1789க்கு முன் பிரபுவைத் தடுக்க இயலாத சிறு உழவரின் நிலையில், 1964க்குப் பின் சங்கத்தைத் தடுக்க இயலாத சிறு உடைமையாளர் நின்றார். பொதுநலன் கருதிய சட்டமாயினும், மறுக்கும் உரிமையை நிலத்தின் பரப்பால் அளக்குமாயின் சமன்மை குலையும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.