உப்புநீர்க் குழாயும் 512 எண்களும்

மேடை வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் கலையின் வரலாறு, மின்சாரம் ஒரு ஊருக்குள் வந்து சேர்ந்த வரலாற்றோடு பின்னிக் கிடப்பது. சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து 1902இல் எடுக்கப்பட்ட மின்சாரம் முதலில் கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்குப் போய், 1905 ஆகஸ்டில்தான் பெங்களூர் நகரத் தெருக்களில் எரிந்தது.

மின்சாரத்திற்கு முன் கம்பெனி நாடகங்களுக்கு ஒளி தந்தவை மண்ணெண்ணெயை அழுத்தத்தில் ஆவியாக்கி எரிக்கும் கிட்சன், பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளே. அவற்றின் ஒளியை வேண்டிய அளவுக்குக் குறைப்பது எளிதன்று என்பதால், இரவு வந்ததை வசனமும் பாட்டும் திரைச்சீலையுமே அறிவிக்க வேண்டியிருந்தது. அதை ஒரு குறையாக அன்றைய பார்வையாளர் கருதியதாகத் தோன்றவில்லை.

லண்டன் சவாய் அரங்கில் 1881இலேயே மின்விளக்குகள் மின்தடைகளின் வழியே மங்கவைக்கப்பட்டன. விலைமிக்க அத்தகைய கருவிகள் எட்டாத இந்தியக் குழுக்களிடையே உப்புநீர் டிம்மர் வெகுகாலம் புழங்கியது. மெருகிட்ட மண்குழாய் ஒன்றை நிறுத்தி, அடியில் ஓர் உலோகத் தகட்டைப் பதித்து, உப்பு கரைத்த நீரை நிரப்பி, மேலிருந்து இன்னொரு தகட்டைக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். தகடுகள் நெருங்க நெருங்க நீரின் தடை குறைந்து விளக்கு பிரகாசிக்கும், விலக விலக மங்கும். உப்பு குறைந்தால் விளக்கு முழு ஒளிக்கு வராது. காட்சி நீண்டால் நீர் கொதித்து ஆவி எழும். கவனம் தவறிய விரலுக்கு மின்னதிர்ச்சி காத்திருக்கும். ஆயினும் கயிற்றைப் பிடித்தவரின் கண் மேடையிலேயே இருந்ததால், தகடு எவ்வளவு நகர்ந்தது என்பதைவிட வெளிச்சம் எவ்வளவு மாறியது என்பதே அவருக்கு அளவுகோலாயிற்று. கல்கத்தா மினர்வா அரங்கில் 1959இல் அரங்கேறிய ‘அங்கார்’ நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்திற்குள் வெள்ளம் ஏறுவதை ஒளியாலேயே காட்டிய ஒளியமைப்பாளர் தாபஸ் சென், எளிய கருவிகளைக் கொண்டு எதைச் சாதிக்கலாம் என்பதற்குச் சான்றாவார்.

பெங்களூரில் ரவீந்திர கலாக்ஷேத்திரம் என்னும் நாடக அரங்கு திறக்கப்பட்ட 1963க்குச் சில ஆண்டுகள் முன்பே, மின்னலையின் ஒவ்வொரு பாதியிலும் ஒரு பகுதியை மட்டும் விளக்கிற்கு விடும் தைரிஸ்டர் என்னும் குறைகடத்திக் கருவி அமெரிக்காவில் வெளிவந்திருந்தது. அது பரவியபின், சிறு மின்னழுத்தம் ஒன்றே பெரிய விளக்குகளை ஆளும் நிலை வந்து, டிம்மர் ஓரிடத்திலும் அதை இயக்குபவர் வேறிடத்திலுமாகப் பிரிந்தனர். அந்த இடைவெளியை எண்களால் இணைத்தது, 1986இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட டிஎம்எக்ஸ் 512 என்னும் நெறிமுறை: ஒரே கம்பியில் 512 சேனல்கள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் அளவு.

இன்று கணினியில் மேடை ஒளியை அமைப்பவர், எந்த சேனல் எந்த விளக்கிற்கு உரியது என்று இணைக்கும் ‘பேட்ச்’ வேலையை முடித்தபின், ஒவ்வொன்றுக்கும் டிம்மர் வளைகோடு ஒன்றைத் தேர்கிறார். ஒளியை ஏற்றி இறக்கும் நெம்பின் நிலைக்கும் விளக்கிற்குச் செல்லும் எண்ணுக்கும் உள்ள உறவே இவ்வளைகோடு. மனிதக் கண் மங்கிய ஒளியின் சிறு மாற்றத்தையும் கூர்ந்து உணர்வதால், நேர்கோட்டில் இறக்கப்படும் எல்இடி விளக்கு வெகுநேரம் மாறாதது போலிருந்து கடைசியில் சட்டென்று அணைவதாகத் தெரியும். இருபடி வளைகோட்டிலோ நெம்பு பாதியில் நிற்கையில் கால் பங்கு, அதாவது 64 என்ற எண், செல்கிறது; கயிற்றுக்காரரின் கண் செய்த திருத்தத்தை மென்பொருள் இவ்வாறு கணக்காகச் செய்கிறது.

இதிலும் ஓர் இடர் உண்டு. நெம்பின் கடைசிப் பத்து சதவீதத்திற்கு இருபடிக் கணக்கில் 3, 2, 1, 0 என்ற எண்களே மிஞ்சுவதால், மெதுவாக அணையவேண்டிய விளக்கு படிப்படியாகக் குதித்து அணைகிறது. டங்ஸ்டன் இழை சூடு ஆறும் நேரத்தில் தானாகவே மறைத்துவந்த இக்குதிப்பை எல்இடி மறைப்பதில்லை. அதற்காக இரண்டு சேனல்களைச் சேர்த்து 65,536 படிகளாக்கும் 16 பிட் முறையை நாடினால் அணைவு வழுக்கிக்கொண்டு இறங்குகிறது, ஆனால் ஒரு கம்பியின் 512 சேனல்கள் 256 விளக்குகளோடு தீர்ந்துவிடுகின்றன.